ஆட்டிசக் குழந்தைகளின் ஒலி மிகையுணர்வும் இல்லச் சூழலும்

மிக்சி ஓடத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையைப் பிடிவாதக்காரக் குழந்தை எனக் கருதும் போக்கு பரவலாக உள்ளது. ஆட்டிச நிலையுடைய குழந்தைகளிடம் காணப்படும் இவ்வெதிர்வினை, நடத்தைக் குறைபாடு அன்று, புலனுணர்வு சார்ந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (2013), புலத்தூண்டல்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினையாற்றுவதை ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. இக்குழந்தைகளுள் பலருக்குச் செவித்திறன் சோதனை முடிவு இயல்பாகவே அமையும். அவ்வறிக்கையைக் காட்டிக் குழந்தைக்கு ஒன்றுமில்லை எனக் கூறுதல் பொருந்தாது.

11 குழந்தைகளைக் குறித்து லியோ கானர் 1943இல் எழுதிய கட்டுரை இங்கு நோக்கத்தக்கது. அக்குழந்தைகள் வாக்குவம் கிளீனர் முதலியவற்றின் இரைச்சலுக்கு அஞ்சினர்; ஆனால் அதே அளவு பேரொலியைத் தாமே எழுப்பி மகிழ்ந்தனர். ஒலியின் அளவைவிட, அது அழையாமல் வந்து புகுவதே அச்சத்தை விளைவிக்கிறது என்பது இதனால் பெறப்படும். எனவே உதவியும் இவ்விடத்திலிருந்தே தொடங்க வேண்டும். மிக்சியைப் போடுமுன் சொல்லுதல், படஅட்டை காட்டுதல், இயன்றால் பொத்தானைக் குழந்தையையே அழுத்தச் செய்தல் ஆகியன எளிய வழிகள். அவ்வொலியைக் கைப்பேசியில் பதிவு செய்து, மிகக் குறைந்த அளவில், வேண்டும்போது நிறுத்தும் உரிமையைக் குழந்தைக்கே அளித்துப் படிப்படியாகப் பழக்கலாம். வலிந்து கேட்கச் செய்வது அச்சத்தை வளர்க்கும். குக்கரின் விசில் எப்போது எழும் எனச் சமைப்பவருக்கே தெரியாது. அந்நேரம் குழந்தை வேறு அறையில் இருப்பதே நன்று.

காதுக்காப்பு அணிவிப்பதில் கவனம் தேவை. 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை ஒலிக்கும் பட்டாசுகளை இந்திய விதிகள் அனுமதிப்பதால், தீபாவளியன்று அது இன்றியமையாதது. நாள் முழுவதும் அணிவிப்பதோ வேறு. ஃபார்ம்பி குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், இரு வாரங்கள் காதடைப்பான் அணிந்தோருக்கு ஒலிகள் முன்னிலும் உரத்துக் கேட்டன. மெல்லிய பின்னணி ஒலியைக் கேட்டுவந்தோருக்கு மாறாக அமைந்தது. அவர்கள் இயல்பான செவித்திறன் உடையோர் என்பதால், இம்முடிவை ஆட்டிசக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் காப்பினைத் தேவையான பொழுதுக்கு மட்டும் வரையறுக்க இது போதிய காரணமாகும்.

பள்ளியில் மணி அடிக்குமுன் ஆசிரியர் கைச்சைகையால் உணர்த்துவதும், மணிக்குத் தொலைவான இருக்கை அளிப்பதும் செலவற்றவை. கல்வி நிறுவனங்கள் மாணவரின் தேவைக்கேற்ப உரிய வசதி செய்து தர வேண்டும் என மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) கூறுவதால், இவற்றைப் பெற்றோர் சலுகையாகக் கெஞ்சிப் பெற வேண்டியதில்லை.