கீமோவும் அந்தரங்க எரிச்சலும்... வாய்ப்புண்ணைச் சொல்பவர்கள் இதை மறைப்பது ஏன்?

கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் பெண்ணிடம் எல்லோரும் மூன்று கேள்விகள்தான் கேட்கிறார்கள். முடி கொட்டுகிறதா, வாந்தி வருகிறதா, வாயில் புண் இருக்கிறதா? நான்காவதாக ஒன்றை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், அரிப்பு, கணவர் நெருங்கினால் வலி. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் பெண்களில் பலருக்கு இது வருகிறது. 'உயிர் பிழைத்ததே பெரிசு, இதைப் போய் எப்படிக் கேட்பது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

உண்மையில் வாய்ப்புண்ணுக்கும் இதற்கும் ஒரு காரணம் பொதுவானது. கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுநோய் செல் மட்டுமல்ல, முடியின் வேர், வாயின் உட்பக்கம், குடல், பிறப்புறுப்பின் உட்பக்கச் சவ்வு எல்லாமே அந்த ரகம்தான். வாயில் வருவது கீழேயும் வரலாம்.

இன்னொரு காரணம், சினைப்பை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் சினைப்பையைப் பாதிப்பதால் ஈஸ்ட்ரோஜென் சட்டென்று குறைகிறது. இயல்பான மெனோபாஸில் சில ஆண்டுகளில் மெதுவாக நடப்பது, இங்கே சில மாதங்களுக்குள் நடந்துவிடுகிறது. 35 வயதில் மாதவிடாய் நின்று, உடம்பெல்லாம் அனல் அடித்து, கூடவே வறட்சியும் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? இளவயதினருக்குச் சிகிச்சை முடிந்தபின் மாதவிடாய் திரும்பலாம். 40-ஐத் தாண்டியவர்களுக்கு வாய்ப்பு குறைவு. கீமோ முடிந்தபின் லெட்ரோஸோல், அனஸ்ட்ரோஸோல் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வறட்சி இன்னும் அதிகமாகலாம். எனவே, 'தானாகச் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதில் பயனில்லை.

மருந்துக்கடையில் இரண்டு பொருள்கள் கிடைக்கும். பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். பிறப்புறுப்புக்கான மாய்ஸ்சரைசர் ஜெல், முகத்துக்கு க்ரீம் போடுவதுபோல வழக்கமாகப் போடுவது. வாரத்துக்கு 2, 3 முறை, தூங்கப்போகும்முன். தாம்பத்யம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட வேண்டும். ஒருமுறை போட்டுவிட்டு 'பலனில்லை' என்று தூக்கிப்போடாதீர்கள், சில வாரங்களாவது தொடர வேண்டும். லூப்ரிகன்ட் என்பது உறவின்போது மட்டும் உராய்வைக் குறைப்பதற்கு. தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலானதாக, வாசனையோ சூடேற்றும் பொருளோ சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்கலாம். எண்ணெய் பட்டால் லேட்டக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும். கீமோ நாள்களில் ஆணுறை மிக அவசியம். மாதவிடாய் வராவிட்டாலும் கரு தங்கக்கூடும். தவிர, ஊசி போட்டபின் சில நாள்கள்வரை மருந்து உடல் திரவங்களிலும் கலந்திருக்கும்.

அரிக்கிறது என்று சோப்பு, வாசனை வாஷ், கிருமிநாசினி கலந்த தண்ணீர் எதையும் பயன்படுத்த வேண்டாம். மஞ்சள், தயிர் வைத்தியமும் வேண்டாம். பாட்டி காலத்து யோசனைகள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால், வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் உடம்பில் பரிசோதனை செய்து பார்க்கும் நேரம் இதுவல்ல. வெறும் தண்ணீரால் வெளிப்பக்கம் மட்டும் கழுவி, மென்மையாக ஒற்றியெடுத்து, பருத்தி உள்ளாடை அணிந்தால் போதும்.

எல்லா எரிச்சலும் வறட்சியல்ல. தயிர்த் திப்பிபோல வெள்ளைப்பட்டு அரித்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பழைய சீட்டைக் காட்டி க்ரீம் வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்றியபின் ஓரிரு நாள்கள் சிறுநீர் சிவந்து போகும். அது மருந்தின் நிறம், ரத்தமல்ல. அதற்குமேல் நீடித்தாலோ, கூடவே எரிந்தாலோ தெரிவிக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வெள்ளையணுக்களோ தட்டணுக்களோ மிகவும் குறைந்திருக்கும்போது உறவைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். மற்ற நாள்களில் தடையில்லை. கணவர்களுக்கு ஒரு வார்த்தை... மார்பகப் புற்றுநோய் தொற்றாது. 'வேண்டாம்' என்று மனைவி சொன்னால் அது உங்கள் மீதுள்ள வெறுப்பல்ல. ஓரிரு முறை வலித்துவிட்டால், அடுத்த முறை தொடும் முன்பே அங்குள்ள தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும். இதற்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள். அதுவரை அணைத்துப் படுத்துக்கொள்வதும் தாம்பத்யம்தான்.

ஈஸ்ட்ரோஜென் க்ரீமை மட்டும் சொந்தமாகத் தொடங்கவே கூடாது. அக்காவுக்கு மெனோபாஸில் கேட்டது என்பதற்காக உங்களுக்கும் ஒத்துவரும் என்று நினைக்காதீர்கள். ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய் என்றால், அது வேண்டுமா வேண்டாமா என்பதை ஆன்காலஜிஸ்ட்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இதையெல்லாம் எப்படிக் கேட்பது? ஓ.பி-யில் கூட்டம், பக்கத்தில் மகனோ மாமனாரோ நிற்கிறார். அவர்களை மாத்திரை வாங்க அனுப்பிவிடலாம். ஒரு சீட்டில் எழுதி ஃபைலுக்குள் வைத்து நீட்டலாம். கீமோ வார்டில் இருக்கும் நர்ஸிடம், "சிஸ்டர், கீழே வறண்டு எரியுது, டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றால் அவருக்குப் புரியும். எத்தனையாவது கீமோவுக்குப் பிறகு ஆரம்பித்தது, வெள்ளைப்படுதலோ ரத்தக்கசிவோ உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினால், உங்களுக்கு ஏற்றிய மருந்துகளின் பெயர்கள் உள்ள கீமோ ஃபைலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.