காரீயப் பளிங்கும் எக்சுக்கதிரும்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரில் அமைந்துள்ள ரிவர்ஸ்டனை நேயர்களுள் பலர் அறிவர். பனிமூட்டம் சூழும் அம்மலைகள், இலங்கையின் நடுவே நீண்டு கிடக்கும் உருமாறிய பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை. அத்தொகுதியின் பாறைகள் சிலவற்றிலே காரீயம் சிறு செதில்களாக மின்னும். போகல, கஹட்டகஹ ஆகிய சுரங்கங்களிலோ அது தடித்த நாளங்களாகப் பாறையை ஊடறுத்து ஓடுகின்றது.

காரீயம் தொட்ட விரலில் ஒட்டுவது ஏன்? அது காபன் அணுக்களாலான மெல்லிய படைகளின் அடுக்காகும். படையினுள் அணுவுக்கும் அணுவுக்கும் இடைத்தூரம் 0.142 நனோமீற்றர், படைக்கும் படைக்கும் இடையிலோ 0.335 நனோமீற்றர். ஆதலின் படைகள் எளிதில் வழுக்கிப் பிரிகின்றன. மின்னோட்டத்திலும் இவ்வேறுபாடு உண்டு. வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், கங்குலி என்பாருடன் சேர்ந்து, படையின் வழியே மின் எளிதாகவும் குறுக்கே மிக அரிதாகவும் செல்வதை 1939 இல் எடுத்துக்காட்டினார்.

இதற்குக் காரணமான இலத்திரன் நிலைகளைத் திசை பிரித்துக் காண எக்சுக்கதிர் உதவுகின்றது. காபன் அணுவின் உள்ளோட்டு இலத்திரன் கருவோடு இறுகப் பிணைந்தது. கதிரின் சத்தியைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சென்றால், ஏறக்குறைய 285 இலத்திரன் உவோற்றில் அது கதிரை உறிஞ்சி, வெறுமையாயுள்ள மேல்நிலைக்குத் தாவும். இதுவே அருட்டல். 292 அளவில் மற்றோர் உறிஞ்சல் முடி தோன்றும். முன்னையது படைக்குச் செங்குத்தாக நீளும் நிலைகளைக் காட்டும்; பின்னையது படையினுள்ளே பரவிய நிலைகளைக் காட்டும். கதிரின் மின்புலம் படைக்குச் செங்குத்தாயின் முதல் முடி ஓங்கும். சமாந்தரமாயின் அது ஒடுங்க, மற்றது ஓங்கும். பளிங்கைச் சாய்த்துச் சாய்த்து அளந்து, ரோசன்பேர்க் குழுவினர் 1986 இல் இதனை வெளியிட்டனர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தாவிய இலத்திரன் விட்டுச்சென்ற துளை, அவ்விலத்திரனைத் தன்பால் ஈர்க்கும். இவ்விணைக்கு எக்சைற்றன் என்று பெயர். ஆகவே முடிகளை வெற்று நிலைகளின் நேரான படமென்று கொள்ளலாகாது. அந்த ஈர்ப்பையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.

இத்தகைய ஆய்வுக்குச் சிங்குரோத்திரன் என்னும் பெரும்பொறி வேண்டும். அது இலங்கையில் இல்லை; இந்தியாவில் இந்தூரிலே இண்டஸ்-2 இயங்குகின்றது. நம் காரீயம் நெடுங்காலமாகக் கப்பலேறி வந்துள்ளது. பொதி கட்டி விற்பவனுக்கு அதன் தூய்மையும் நிறையுமே கணக்கு. மின்கலங்களும் தனிப்படைக் காபனாகிய கிரபீனும் வேண்டப்படும் இக்காலத்தில், படைகளின் ஒழுங்கை அறிந்தவனே அதன் முழுப் பயனையும் பெறுவான். கல் நம்மிடம் உண்டு. அதனைப் படிக்கும் கல்வியும் நம் மாணவர்க்கு வாய்த்தல் வேண்டும்.