டிஎஸ்எல் இணைப்பில் நிலையான ஐபி: கேட்க வேண்டியதும் காக்க வேண்டியதும்

லேண்ட்லைன் தொலைபேசியின் செப்புக் கம்பி வழியாகவே இணையத்தையும் கொண்டுவருவது டிஎஸ்எல். இதில் மோடம் ஒவ்வொரு முறை இணையும்போதும், சேவை நிறுவனத்தின் கையிருப்பில் அந்நேரம் காலியாக உள்ள ஒரு ஐபி முகவரி அதற்குக் கிடைக்கிறது. மின்சாரம் போய் வந்தால் முகவரியும் மாறிவிடலாம். படம் பார்க்கவும் பணம் அனுப்பவும் இது போதும். கடையின் கணக்குக் கணினியை வீட்டிலிருந்து திறக்கவும், சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்தவும், கிளைகளை இணைக்கவும்தான் மாறாத முகவரி தேவைப்படுகிறது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

கட்டணத்துக்குக் காரணம் பற்றாக்குறை. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே இருக்க முடியும். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. இந்த ஏற்பாட்டுக்குள் இருப்பவரை வெளியிலிருந்து நேராக அடைய முடியாது. மாறும் முகவரிக்கு நிலையான பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ் சேவையும் இங்கே பயன்படாது.

பணம் விரயமாவது பெரும்பாலும் ஒரு குழப்பத்தால். வீட்டுக்குள் மோடம் பகிர்ந்து தரும் 192.168 என்று தொடங்கும் முகவரி வேறு. இணையத்தில் அந்த இணைப்பை அடையாளம் காட்டும் பொது முகவரி வேறு. கணினியின் அமைப்புகளில் ஓர் எண்ணை நிரந்தரமாக்கினால் உள்முகவரி மட்டுமே நிலைக்கும். பிரிண்டருக்கும் கேமரா ரெக்கார்டருக்கும் அது போதும், அதற்குக் காசும் இல்லை. மோடம் தானாகப் பகிரும் எண் வரிசைக்கு வெளியே ஓர் எண்ணைத் தர வேண்டும், அவ்வளவுதான். வரிசைக்குள்ளேயே ஓர் எண்ணைத் தந்தால், மோடம் அதையே இன்னொரு கைபேசிக்கும் கொடுத்துவிட, இரண்டும் மோதிக்கொள்ளும்.

பொது முகவரியை வாடிக்கையாளர் தாமாக அமைத்துக்கொள்ள முடியாது. நிறுவனம்தான் தர வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு இணையும் பிபிபிஓஇ முறையில் இயங்கும் டிஎஸ்எல் இணைப்புகளில் அந்த முகவரியை வாடிக்கையாளரின் பயனர் பெயரோடு நிறுவனத்தின் சர்வரிலேயே பிணைத்துவிடுவது வழக்கம். மோடத்தில் பழைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கலாம். அடுத்த முறை இணையும்போது புதிய முகவரி தானே வந்துவிடும். சில நிறுவனங்கள் முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் என எல்லாவற்றையும் எழுதித் தருகின்றன. அப்படித் தந்தால் அவற்றை மோடத்தின் வான் (WAN, அதாவது இணையத்தை நோக்கிய) அமைப்புப் பக்கத்தில் பிழையின்றி நிரப்ப வேண்டும்.

கிடைத்தது உண்மையிலேயே நிலையான பொது முகவரிதானா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மோடத்தின் நிலைப் பக்கத்தில் தெரியும் வான் முகவரியும், முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றில் தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டும். வான் முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் அது பகிர்வு முகவரி. கட்டணம் செலுத்திய சேவை இன்னும் வந்து சேரவில்லை. மோடத்தை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்ட பிறகும் அதே எண் வர வேண்டும். இரண்டு முறையும் திரையைப் படமெடுத்து வைத்தால் பின்னால் புகாருக்கு உதவும்.

மின்னஞ்சல் சர்வர் நடத்துபவருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அந்த எண்ணை முன்பு வைத்திருந்தவர் குப்பை மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அது தடைப் பட்டியலில் கிடக்கக்கூடும்; அனுப்பும் கடிதங்கள் திரும்பி வரும். முதல் வாரத்திலேயே பட்டியலைப் பார்த்து வேறு எண் கேட்பது நல்லது. முகவரியிலிருந்து பெயரைத் தேடும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவையும் நிறுவனம்தான் செய்து தர முடியும்.

இனி ஆபத்து. 2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட 60-க்கும் மேற்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளைக் கொண்டே கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் கைப்பற்றியது. 2017 ஜூலை இறுதியில் இந்தியாவில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடங்கள் தாக்கப்பட்டு, பலருடைய இணைப்பு அறுந்தது. அட்மின் என்ற பழைய கடவுச்சொல்லை மாற்றும்படி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. தாக்கும் நிரல்கள் எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பவை. மாறும் ஐபி வைத்திருப்பவரும் தப்புவதில்லை. ஆனால் நிலையான முகவரியில் ஒருமுறை பலவீனம் தென்பட்டால், அதைக் குறித்துவைத்து மாதங்கள் கழித்தும் திரும்பி வரலாம்.

உண்மையான பொறுப்பு, வெளியிலிருந்து உள்ளே வரும் வழிகளாகத் திறந்து வைக்கும் போர்ட்டுகளில் இருக்கிறது. கேமரா பொருத்த வருபவர், வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று மோடத்தில் டிஎம்இசட் வசதியை ரெக்கார்டரின் உள்முகவரிக்கு இயக்கிவிட்டுப் போவதுண்டு. அப்போது அந்தக் கருவியின் எல்லாப் போர்ட்டுகளும் உலகுக்குத் திறந்துவிடுகின்றன. அதை அணைத்து, தேவையான ஒரே ஒரு போர்ட்டை மட்டும் அனுப்ப வேண்டும். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராகத் திறந்து வைப்பது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்களுக்கு நன்கு பழகிய பாதை. விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனி இணைப்பின் வழியாக மட்டும் உள்ளே வரும்படி அமைப்பதே சரி. மோடத்தை வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் உள்கருவிகள் தாமாகவே போர்ட்டுகளைத் திறக்க விடும் யுபிஎன்பி வசதியையும் அணைத்துவிடலாம். தயாரிப்பாளர் மேம்படுத்தலை நிறுத்திவிட்ட பழைய மோடத்தின் பின்னால் சர்வர் நடத்துவது கூடாது. கைபேசியில் வீட்டுக் கேமராவைப் பார்க்க மட்டும் விரும்புபவருக்கோ, தயாரிப்பாளரின் செயலியே பெரும்பாலும் போதும். நிலையான ஐபி வீண் செலவு.

ஓர் இணைப்பிலிருந்து குற்றம் நடந்தால் விசாரணை முதலில் வருவது சந்தாதாரரின் பெயருக்கே. கருவி கைப்பற்றப்பட்டது தெரிந்தால் இணைப்பைத் துண்டித்து, மோடத்தின் பதிவுகளைச் சேமித்து, நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிய வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். தீநிரலை நீக்கும் இலவசக் கருவிகளை மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தருகிறது.

சேவை கிடைக்காதபோது முதல் படி நிறுவனத்தின் புகார் மையம். அங்கே தரும் டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்காமல் அழைப்பை முடிக்கக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி அது வாடிக்கையாளரின் உரிமை. தீர்வு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குக் கட்டணமின்றி எழுதலாம். 39 நாளுக்குள் முடிவு வர வேண்டும். தனிப்பட்ட புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; அதற்கும் அப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்தது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை இச்சட்டத்தில் அடங்காது என்று நிறுவனம் வாதிடலாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பெற்ற சேவை என்றால், அந்த விலக்கு பொருந்தாது என்று வாடிக்கையாளர் எதிர்வாதம் செய்யலாம். ஆகவே சிறு கடைக்காரர், சுயதொழிலுக்காகவே சேவையைப் பெறுவதை விண்ணப்பத்திலும் புகாரிலும் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

நிலையான முகவரி வாடிக்கையாளரின் சொத்தல்ல. நிறுவனம் மாறினால் அது கூட வராது. செப்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றச் சொல்லும்போது, பழைய எண் தொடருமா, மீதிக் காலத்துக்குச் செலுத்திய கட்டணம் திரும்புமா என்பதை ஒப்புதலுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.