இணையத் தொடர்கதையும் இலக்கியத் தகுதியும்

இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளிவரும் தொடர்கதைகளை இலக்கியமாகக் கொள்ளலாமா என்னும் வினா, ஆய்வேட்டுத் தலைப்புகளை முடிவு செய்யும்போது அண்மைக் காலமாக அடிக்கடி எழுகின்றது. மாணவர் ஒருவர் இத்தகைய கதையொன்றை மூலநூலாக முன்மொழிந்தால், ‘அது அச்சில் வந்துள்ளதா?’ என்றே நாம் முதலிற் கேட்கின்றோம். அக்கேள்வி எந்த அளவுக்குப் பொருத்தமானது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தவணை முறையில் வெளிவருதல் ஒரு படைப்பின் தகுதியைக் குறைக்கும் எனக் கொண்டால், தமிழ் நாவல் வரலாற்றின் பெரும்பகுதியை நாம் இழக்க நேரிடும். பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்து, 1896இல் நூலாயிற்று. கல்கியின் ‘அலை ஓசை’, அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ ஆகிய இரண்டும் ‘கல்கி’ இதழில் தொடர்களாக வந்தவையே. முன்னது 1956ஆம் ஆண்டுக்கும் பின்னது 1963ஆம் ஆண்டுக்கும் உரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றன. அச்சுக் காலத்திற்கு முன்னும் இவ்வழக்கம் முற்றிலும் புதிதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் தலபுராணங்களைப் பல நாட்கள் தொடர்ந்து பகுதி பகுதியாக அரங்கேற்றியதை இங்கு நினைவுகூரலாம். புதியனவாகப் புனையப்படும் செய்யுட்களுக்கென ‘விருந்து’ என ஒரு வனப்பையே தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்துள்ளது. விருந்தினரை வாசலிலேயே நிறுத்தி வைப்பது நம் மரபன்று என வேடிக்கையாகக் கூறுவதும் உண்டு.

எனினும், தொடராக எழுதுதல் படைப்பின் வடிவத்தைப் பாதிக்கவில்லை எனக் கூறிவிட முடியாது. ‘கமலாம்பாள் சரித்திர’த்தின் முற்பகுதியில் சிறுகுளம் என்னும் சிற்றூரின் வாழ்வு, பேச்சும் வம்பும் நகையுமாக உயிர்ப்புடன் விரிகின்றது, பிற்பகுதியோ வேதாந்தத் தேடலுக்குள் செல்கின்றது. இவ்விரு பகுதிகளின் இணைப்பில் தளர்ச்சி இருப்பதைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். முழுவதையும் எழுதி முடித்துத் திருத்தும் வாய்ப்பு ஆசிரியருக்கு இருந்திருப்பின் இத்தளர்ச்சி நீங்கியிருக்கக்கூடும்; ஆயின் அம்முற்பகுதியின் தாராளமான நடையும் நமக்குக் கிடைக்காமற் போயிருக்கலாம் என்பதே நம் கருத்து. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, ‘தினமணி கதிர்’ இதழில் தொடராக வந்தபோது ‘காலங்கள் மாறும்’ என்னும் தலைப்பையே கொண்டிருந்தது. 1970இல் நூலானபோது தலைப்பு மாறிற்று. தொடர் வேறு, நூல் வேறு என்பதற்கு இஃது ஓர் எளிய சான்று. வணிக இதழ் எழுத்தைக் கடுமையாக மறுத்த க. நா. சுப்ரமண்யத்தின் வாதத்திலும் ஓர் உண்மை உண்டு: அடுத்த வாரத்திற்கான ஆவலைத் தூண்டுவதே நோக்கமாகிவிட்டால், பாத்திரங்கள் அந்நோக்கத்திற்கே ஏவல் செய்கின்றன.

இணையம் இந்நிலையில் எதை மாற்றியுள்ளது? இதழாசிரியர் இல்லை, பக்க வரையறையும் இல்லை. இவ்விரண்டின் இன்மையும் நன்மை தீமை இரண்டிற்கும் இடமளிக்கின்றது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மகாபாரதத்தை நாவல் வரிசையாக மறுஆக்கம் செய்யும் இப்படைப்பு, 2014 சனவரி முதல் நாளில் ‘முதற்கனல்’ நாவலுடன் இணையத்தில் தொடங்கியது. ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் இடையே சிறு இடைவெளிகள் விட்டு, நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாக வளர்ந்து, 2020 சூலையில் ‘முதலாவிண்’ என்னும் இருபத்தாறாம் நாவலுடன் நிறைவுற்றது. நூல் வடிவில் இஃது இருபதாயிரம் பக்கங்களைக் கடந்தது. எந்த வார இதழும் இவ்வளவு இடத்தை ஒரு படைப்புக்கு ஒதுக்கியிருக்க இயலாது. வடசொற்களைக் கூடியவரை தவிர்த்துப் புதிய தமிழ்ச் சொல்லாக்கங்களால் அமைந்த அதன் நடையை வார இதழொன்று ஏற்றிருக்குமா என்பதும் ஐயமே. அதே வேளையில், கண்டிப்பான பதிப்பாசிரியர் ஒருவர் இருந்திருப்பின் சில பகுதிகள் சுருங்கியிருக்கும் என்றும் நமக்குத் தோன்றுகின்றது.

‘வெண்முர’சைக் காட்டி வழக்கை வெல்வது எளிது. முன்னரே பெயர்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் படைப்பு அது, நூலாகவும் வந்துவிட்டது. நம் கேள்வி உண்மையிற் கடினமாவது, பெரும்பாலும் பெண்கள் எழுதிப் பெண்களே வாசிக்கும் குடும்ப, காதல் தொடர்கதைகளின் முன்னரேயாகும். 2014இல் தொடங்கப்பெற்ற ‘பிரதிலிபி’ போன்ற தளங்களிலும் தனியார் நாவல் தளங்களிலும் இவை வெளிவருகின்றன. புதிய அத்தியாயத்தை ‘யூடி’ என்றே வாசகர் அழைக்கின்றனர். அது தாமதமானால் கேட்டு நெருக்கவும் செய்கின்றனர். இவற்றுள் பல, ஒரே அச்சில் வார்த்த நாயகனையும் நாயகியையும் கொண்டவை; அவற்றை இலக்கியம் எனக் கூற நாம் தயங்குகின்றோம். ஆனால் அத்தயக்கத்திற்குக் காரணம் அவற்றின் வார்ப்பே அன்றி வெளியான இடம் அன்று. அதே வார்ப்பு அச்சுநூல்களிலும் ஏராளமாக உண்டு. காத்திருத்தலின் சுவை நீங்கிய பின்னர், முழுமையாக ஒருங்கே வாசிக்கையில் ஒரு கதை நிற்கின்றதா என்னும் அளவுகோலையே இரண்டிற்கும் பயன்படுத்துதல் வேண்டும். வேலைக்குச் செல்லும் மருமகளின் ஒரு நாளைச் சமையலறையிலிருந்து தொடங்கிச் சொல்லும் ஓர் அத்தியாயம், பாடநூலாக வைக்கப்பெற்ற சில நாவல்களைக் காட்டிலும் நுட்பமாக அமைந்திருத்தலும் கூடும். வாசிக்காமல் அதனை அறிய வழியில்லை.

வாசிப்பதற்குள் அவை மறைந்துவிடுகின்றன என்பதே நாம் எதிர்கொள்ளும் உண்மையான இடர். கதை முடிந்த சில வாரங்களில் அத்தியாயங்களை நீக்கிவிட்டு, திருத்திய வடிவத்தை மின்னூலாகவோ அச்சுநூலாகவோ விற்பனைக்குக் கொணர்வது இவ்வெழுத்தாளர் பலரின் வழக்கம். அவர்தம் வருவாய்க்கு அது தேவை. குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயின் பழைய வார இதழ்களையேனும் நூலகக் கட்டுகளில் தேடலாம்; நீக்கப்பட்ட அத்தியாயத்தை எங்கே தேடுவது? சிங்கப்பூரில் 2015இல் வெளியிடப்பெற்ற தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் அச்சு நூல்களை மின்னாக்கியது. 2019 சனவரி 31 முதல் அந்நாட்டின் தேசிய நூலக வாரியம், ‘.எஸ்ஜி’ என முடியும் வலைத்தளங்களை உரிமையாளரின் இசைவைக் கோராமலே சேகரித்துக் காக்கும் அதிகாரம் பெற்றுள்ளது. தமிழ்த் தொடர்கதைகளோ பெரும்பாலும் வேறு முகவரிகளில் வாழ்பவை.

ஆகவே, இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவரிடம், கதை வெளிவரத் தொடங்கும்போதே அத்தியாயங்களை நாள் குறிப்புடன் படியெடுத்து வைக்குமாறு கூறுகின்றோம். பின்னர் வரும் நூலுடன் அவற்றை ஒப்பிட்டால், எது சேர்ந்தது, எது நீங்கியது என்பதே ஆய்வின் முதல் இயலாக அமையும். பின்னிணைப்பில் அப்படிகளைச் சேர்ப்பதற்கு ஆசிரியரின் எழுத்துமூல இசைவும் தேவை. அதனைத் தலைப்பு முடிவாகும் முன்னரே பெற்றுவிடுதல் நன்று. மூன்றாம் பருவத்தில் இசைவு மறுக்கப்பட்டால் மாணவர் வேறு நூலைத் தேட வேண்டியிருக்கும்.