பழைய கணக்கும் புது அடுப்புகளும்

சில ஆண்டுகளுக்கு முன், வடகிழக்குப் பருவமழையின்போது எங்கள் ஊரின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் புகுந்தது. பங்கின் சார்பில் அரிசியும் பாயும் போர்வையும் கொடுக்க முடிவாயிற்று. யாருக்கு, எத்தனை பேருக்கு என்ற கேள்வி எழுந்தபோது சற்றுப் பெருமையோடுதான் அலமாரியைத் திறந்தோம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு எங்கள் இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாகச் சென்று, சமய வேறுபாடு பாராமல் ஊர் முழுவதையும் எழுதி வந்திருந்தார்கள். அதைக் கணினியில் ஏற்றி, அச்சிட்டு, அட்டை போட்டு வைத்திருந்தோம்.

அந்தப் பட்டியலை நம்பிப் பொட்டலம் கட்டினோம். முதல் தெருவிலேயே, இறந்துபோன ஒரு பெரியவரின் பெயரை உரக்க வாசித்தோம். அவருடைய மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திருப்பூருக்குக் குடிபெயர்ந்து போனவர்களின் பொட்டலங்கள் மிஞ்சின. வாய்க்கால் ஓரத்துக் கடைசித் தெருவில் வாடகைக்கு வந்திருந்த ஏழெட்டுக் குடும்பங்களோ பட்டியலில் எங்குமே இல்லை. தண்ணீர் முதலில் புகுந்தது அவர்கள் வீட்டில்தான். ‘எங்க பேரு இல்லையாம்மா?’ என்று ஒரு தாய் கேட்டபோது எங்களில் யாருக்கும் பதில் சொல்ல நா எழவில்லை. பட்டியலே இல்லாதிருந்தால் நேரே தண்ணீர் நிற்கும் இடத்துக்குப் போயிருப்போம் என்று இன்றும் எங்களுக்குத் தோன்றுகிறது.

நாட்டின் கணக்கிலும் இதே சிக்கல் பெரிய அளவில் உண்டு. இந்தியாவில் 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்து வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கோவிட் பெருந்தொற்றினால் 2021இல் நடைபெறவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாக 2025 ஜூன் மாதத்தில் அரசு அறிவித்தது. நடுவில் பதினாறு ஆண்டுகள்! 2011இல் தமிழகத்தில் 7,21,47,030 பேர் எண்ணப்பட்டார்கள். நம் உள்ளாட்சி வார்டுகள் அந்தக் கணக்கை வைத்தே வரையறுக்கப்பட்டன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஊரகத்தில் 75 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு மக்கள்வரை உரிமை தந்தது. இது நாடு முழுவதும் ஏறக்குறைய 81.35 கோடி பேர் என்று 2011 கணக்கைக் கொண்டே வரம்பு கட்டினார்கள். அதன்பின் பிறந்த குழந்தைகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகும் வரம்பு நின்ற இடத்திலேயே நின்றது.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்பவை அரசின் அளவுகோல்கள். ஆகவே தலைக்கணக்கு தவறினால் ஊருக்கு வர வேண்டியதும் தவறும். பத்தாண்டுக்கு ஒருமுறை வருகிற கணக்குக்காகக் காத்திராமல் அந்தந்த ஊரே தன் கணக்கைச் சரியாக வைத்திருப்பது இதனால்தான் தேவையாகிறது.

ஓர் ஊரின் கணக்கு மாறுவதற்குக் காரணங்கள் அதிகமில்லை. பிறப்பு, இறப்பு, திருமணம், வருவதும் போவதும், அவ்வளவே. பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர் அதைப் பதிகிறார். ஆனால் வேலை தேடி வந்தவரும் கடன் தாங்காமல் போனவரும் அந்தப் புத்தகத்தில் ஏறுவதில்லை. பட்டியல் பழையதாவது பெரும்பாலும் இவர்களாலேயே. இவர்களில் பெரும்பாலோர் வாடகை வீட்டார், ஏழைகள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

இதற்கு ஒரு வழி நம் திருச்சபையின் பழைய வழக்கத்திலேயே இருந்தது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளோடு ‘ஆன்மாக்களின் நிலை’ என்னும் குடும்பப் பதிவேட்டையும் பங்குத்தந்தை வைத்திருக்கும்படி கேட்டது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்திலும் அது இடம் பெற்றது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தப் பதிவேட்டின் பெயர் இல்லை. ஆனால் மேய்ப்பர் தம் மக்களை அறிந்திருக்க வேண்டும், குடும்பங்களைச் சந்திக்க வேண்டும் என்ற கடமை அப்படியே இருக்கிறது. இதில் எங்களைக் கவர்ந்தது ஒன்று. இத்தாலியப் பங்குகள் பலவற்றில் உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் வீடு மந்திரிக்கச் செல்லும்போதே அந்தக் கணக்கும் எழுதப்பட்டது. கணக்குக்கென்று தனியாக யாரும் புறப்படவில்லை. எப்படியும் போகிற போக்கில் எழுதினார்கள். அதனால்தான் அது ஆண்டுதோறும் நடந்தது.

நாங்களும் அதைப் பின்பற்றிப் பார்த்தோம். அன்பியக் கூட்டம் எப்படியும் மாதந்தோறும் கூடுகிறது. தொடங்கும் முன் ஐந்து நிமிடம்: யார் பிறந்தார், யார் இறந்தார், யார் வந்தார், யார் போனார்? மற்றச் சமயத்தவர் வீடுகளுக்கு மகளிர் சுய உதவிக் குழுவினர் அவர்களுடைய கூட்டத்தில் இதையே கேட்டுச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும், கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் பென்சிலால் எழுதுகிறோம். ஓராண்டைத் தாண்டிய தேதியை வட்டமிடுகிறோம். எந்த வரியை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று நோட்டே காட்டிவிடுகிறது. எல்லா அன்பியங்களும் ஒழுங்காகச் செய்கின்றன என்று சொல்ல மாட்டோம். இரண்டு நோட்டுகளில் வட்டங்களே அதிகம்.

எதை ஒரு குடும்பம் என்பது? அரசுக் கணக்கெடுப்பு, ஒரே சமையலில் சேர்ந்து உண்டு வாழ்பவர்களை ஒரு குடும்பமாகக் கொள்கிறது. நம் ஊர்ப் பேச்சிலும் ‘தனி அடுப்பு வைத்துவிட்டார்கள்’ என்றுதானே சொல்கிறோம்! எங்கள் இளைஞர்கள் முதல்முறை கதவுகளை எண்ணினார்கள், அடுப்புகளை எண்ணவில்லை. மகன் வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில் தனியே கஞ்சி காய்ச்சிக் குடிக்கும் தாய், மகன் குடும்பத்தோடு சேர்த்து ‘ஐந்து பேர்’ என்று எழுதப்பட்டிருந்தார். தாளில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அடுப்பை எண்ணத் தொடங்கியபோது இப்படிப்பட்ட முதியவர்கள் ஒரே தெருவில் மூவர் இருப்பது தெரிந்தது. வின்சென்ட் தே பவுல் சபையினர் இப்போது அவர்களைத் தேடிச் செல்கிறார்கள்.

கேள்விகளையும் குறைத்தோம். பழைய படிவத்தில் மாத வருமானம், கடன், நோய் எல்லாம் கேட்டிருந்தோம். அவற்றை வைத்து ஒரு முடிவும் எடுக்கவில்லை; எழுதியது மட்டும் யார் கண்ணிலும் படும்படி அலமாரியில் கிடந்தது. 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம், தனிநபர் விவரங்கள் அடங்கிய பதிவேட்டைப் பிறர் பார்வையிடும் உரிமையை மறுக்கிறது. அரசுக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது நமக்கு வேண்டாமா? எனவே எதை முடிவு செய்யப் போகிறோமோ அதற்குத் தேவையானதை மட்டும் கேட்கிறோம்: ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், தனித்திருக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், மழைநீர் புகும் வீடு.

தாவீது அரசரின் கணக்கெடுப்பு இங்கே நினைவுக்கு வருகிறது (2 சாமுவேல் 24). யோவாபு ஒன்பது மாதமும் இருபது நாளும் நாடெங்கும் சுற்றி, வாளேந்தும் ஆண்களின் தொகையைக் கொண்டுவந்தார். கைம்பெண்களும் குழந்தைகளும் அந்தத் தொகையில் இல்லை. அரசருக்குத் தெரிய வேண்டியிருந்தது படைபலம் மட்டுமே. ‘எதுக்குக் கணக்கு எடுக்கறீங்க?’ என்று வாசலில் கேட்பவர்கள்மேல் நாம் சலித்துக்கொள்ளக் கூடாது. அது கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு ஒரே வரியில் பதில் இல்லையென்றால் நோட்டைத் திறக்காமலே திரும்பிவிடலாம்.

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று 2022இல் முடிவானது. அங்கே பெயர்களை வாசிப்பதில்லை, தொகையை மட்டும் சொல்கிறோம். ‘எங்கள் தெருவில் குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள்’ என்று முன்பு முறையிட்டபோது தலையசைத்து விட்டுவிட்டார்கள். வாய்க்கால் தெருவில் எத்தனை குழந்தைகள், அங்கன்வாடிக்குப் போக எத்தனை பேர் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும் என்று தேதியோடு சொன்னபோது அது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது. அங்கன்வாடி இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நோட்டை மீண்டும் எடுத்துச் செல்வோம். அதற்கு முன் வாய்க்கால் ஓரத்தில் புதிதாகப் போட்டிருக்கும் இரண்டு குடிசைகளுக்கும் போய்வர வேண்டும். போன வாரம் அங்கே அடுப்பு புகைந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.