அடிபடாது குருதி கசியும் கண்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிக்கும் தொழில் 1961-ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளித்தல் நின்றிலது. மூழ்குவோர் கண் சிவந்து கரையேறுதல் இக்கரையில் புதிதன்று. முகக் கண்ணாடியினுள் அடைபட்ட காற்றின் அழுத்தம் நீரின் அழுத்தத்துக்கு ஈடாகாதபோது, வெண்விழியின் மேலுள்ள மெல்லிய குழாய்கள் வெடித்து அச்சிவப்பை உண்டாக்கும். அது பெரும்பாலும் தானே மறையும். ஆயின் அடி யாதும் படாமலே கண்ணின் உள்ளறையில் குருதி கசிவதும் உண்டு. அது வேறு நோய். அதனை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவோம்.

கண்கோளத்துக்கு உறைகள் மூன்று. வெளியுறை வெண்விழி, உள்ளுறை ஒளியை ஏற்கும் விழித்திரை, இடையில் உள்ளது குருதிக் குழாய்கள் நிறைந்த நடுச்சவ்வு. பாவையைச் சூழ்ந்த நிறத்திரை இந்நடுச்சவ்வின் முற்பகுதியே. நடுச்சவ்வு அழலுதலை யூவியைட்டிஸ் என்பர். அவ்வழற்சி தணியாது பல திங்கள் நீடிப்பின், நிறத்திரையின்மேல் புதுக் குழாய்கள் முளைப்பதுண்டு. அவற்றின் சுவர் உறுதியற்றது. ஆதலின் கண்ணைக் கசக்கினும், ஒரு காரணமும் இன்றியும் அவை கசியும். 1906-இல் வியன்னாவின் ஏர்ன்ஸ்ட் பூக்ஸ் விளக்கிய ஒருவகை நீடித்த அழற்சியில், கண்ணுள் ஊசி செலுத்திய அளவில் நூல்போலக் குருதி இழைதலை மருத்துவர் கண்டனர். அக்கி நோயைத் தொடர்ந்து வரும் அழற்சியிலும் இக்கசிவு நேரும்.

கசிந்த குருதி, நோயாளர் நிமிர்ந்திருக்கையில் முன்னறையின் அடியில் செந்நிற மட்டமாகப் படியும். படுத்தால் பரந்து பார்வையை மறைக்கும். கண்ணீர்மம் வடியும் வழியை அது அடைப்பின் கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். இதுவே அஞ்சத்தக்கது.

அழற்சிக்கு மூலங்கள் பல. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. 1993-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையின் பின், 1994-இல் அங்கு இந்நோயினர் திரளாக வந்தனர். வெள்ளநீரில் கலந்த எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலே மூலம் என ஆராய்ந்தோர் கண்டு, 73 நோயாளரின் வரலாற்றை 1997-இல் வெளியிட்டனர். காய்ச்சல் தணிந்து சில திங்கள் சென்றபின்னரும் கண் அழலக்கூடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்ததை நாம் மறந்திலோம். அத்தகைய வெள்ளத்தில் நடந்தவர், பின்னர்க் கண் சிவப்பின் அச்செய்தியை மருத்துவரிடம் தவறாது கூறல் வேண்டும்.

குருதி கசிந்தவர் கண்ணைக் கசக்கலாகாது. தலையை உயர்த்திப் படுத்தல் நன்று. ஆஸ்பிரின் முதலியவற்றை மருத்துவரைக் கேளாது உட்கொள்ளல் தீது. மருத்துவர் உள்ளழுத்தத்தை அளந்து, அழற்சியைத் தணிக்கும் சொட்டு மருந்தும், பாவையை விரிக்கும் மருந்தும் தருவர். குருதி பெரும்பாலும் சில நாளில் உறிஞ்சப்படும். மூலநோய்க்கோ நெடுங்காலப் பேணுதல் தேவை.

விடுதியில் வாழும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். கண் சிவந்து வலித்து, ஒளியைக் கண்டு கூசினால், தோழர் தரும் சொட்டு மருந்தை இடற்க. ஸ்டீராய்டு மருந்து மேற்பார்வையின்றி நீளின் கண்புரையும் உள்ளழுத்தமும் விளையும்; திடீரென நிறுத்தினால் அழற்சி மீளும். தேர்வு அடுத்த ஆண்டும் வரும். இழந்த பார்வையோ மீள்வது அரிது.