புது கிளட்ச் போட்டும் கியர் விழவில்லையா?

சம்பா நடவுக்குச் சேற்றுழவு தொடங்க நாலைந்து நாள்தான் இருக்கிறது. டிராக்டரை இரண்டாகப் பிரித்து கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டு, பட்டறையிலிருந்து ஓட்டி வருகிறார் விவசாயி. வழியிலேயே தெரிந்துவிடுகிறது கோளாறு. பெடலைத் தரைவரை மிதித்தாலும் கியர் ‘கரகர’வென்று கத்துகிறது. கியர் விழுந்தால், பெடலை விடும் முன்பே வண்டி நகர்கிறது. ‘பிளேட் போலியோ? திரும்பவும் பிரிக்கணுமோ?’ என்று மனசு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் பிரிக்க வேண்டியதில்லை.

பெடலை மிதிக்கும்போது முதலில் கொஞ்ச தூரம் இலகுவாக இறங்கும். ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தொடும்வரை உள்ள இடைவெளி அது. மெக்கானிக்குகள் ‘ஃப்ரீ பிளே’ என்பார்கள். பிளேட் தேயத் தேய விரல்கள் பேரிங்கை நோக்கி நெருங்கி வரும். ஃப்ரீ பிளே குறையும். அதற்கேற்ப இணைப்புக் கம்பியை அவ்வப்போது திருகி வைத்திருப்பார்கள். இப்போது தடிமனான புது பிளேட் உட்கார்ந்ததும் விரல்கள் பின்வாங்கிவிடுகின்றன. கம்பியோ தேய்ந்த பிளேட்டுக்கு வைத்த அளவிலேயே நிற்கிறது. மிதியில் பெரும்பகுதி வெறுமனே போய்விடுவதால் கிளட்ச் முழுதாக விடுபடுவதில்லை.

இன்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு, பெடல் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்த வேண்டும். கையால் அழுத்தி, பாரம் தட்டும் இடம்வரை அளக்க வேண்டும். பல டிராக்டர்களில் இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, அளவு வரும்வரை திருகி, லாக் நட்டை மறக்காமல் இறுக்க வேண்டும்.

‘இறுக்கமாக இருந்தால் நல்லது’ என்று ஃப்ரீ பிளேயே இல்லாமல் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இது இன்னும் மோசம். பேரிங் எந்நேரமும் விரல்களை உரசிச் சூடாகும். பாரம் ஏறும்போது பிளேட் நழுவிக் கருகும். உழும்போது இடது காலைப் பெடல் மேலேயே வைத்திருக்கும் டிரைவரும் இதே வேலையைத்தான் செய்கிறார்.

அளவு சரியாக இருந்தும் கியர் கத்துகிறதா? கம்பியின் பின்னும் துளையும் தேய்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். பழைய பின்னை மாற்றாமல் புது கிளட்சைப் பூட்டிவிடுவது வழக்கமாக நடப்பதுதான். பெடல் கனமாக இருந்தால், பெடல் ஷாஃப்ட் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கலாம். இரட்டை கிளட்ச் வண்டியில் பாதி மிதியில் சக்கர ஓட்டமும், முழு மிதியில் பி.டி.ஓ.வும் நிற்கும். கியர் நன்றாக விழுந்து ரொட்டவேட்டர் மட்டும் நிற்காவிட்டால் பி.டி.ஓ. கிளட்சின் சரிக்கட்டலைத் தனியே பார்க்க வேண்டும்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டி, கார்களில் பெடல் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கும். காற்றை வெளியேற்றி, கையேடு சொல்லும் திரவத்தையே ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

இத்தனைக்கும் பிறகும் தீராவிட்டால்தான் உள்ளே கோளாறு. பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம், விரல்கள் ஒரே உயரத்தில் இல்லாமலிருக்கலாம், சேர்க்கும்போது கியர் பெட்டியின் எடை தொங்கி பிளேட் வளைந்திருக்கலாம். கிளட்ச் பிடிக்கும்போது வண்டி உதறினால் பிளேட்டில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கும். எந்த சீல் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் அடுத்ததும் வீண். இவற்றுக்குப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான், மூடுவதற்கு முன் பட்டறையிலேயே பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

கோளாறு தீரும்வரை கலப்பை மாட்டும் வேலை வேண்டவே வேண்டாம். விடுபடாத கிளட்சோடு ரிவர்ஸ் போடும்போது, வண்டிக்கும் கருவிக்கும் நடுவே ஊசி பிடித்து நிற்பவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். எல்லாம் சரியான பிறகும், முதல் சில நாள் ஓட்டம் முடிந்ததும் ஃப்ரீ பிளேயை இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.